துடைத்துவிட்டுத் திறந்தவன்

அத்தியாயம் 4

"எண்ணெயை மோந்து பாருடா" என்றார் சர்வேயரம்மா.

அவருடைய உதவியாளன் டிராக்டரிலிருந்து வடித்த எண்ணெய் டப்பாவை வாங்கி எட்டப் பிடித்துக்கொண்டான். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர் விழுந்திருந்தது.

"காலையில ஒரு டீ குடிச்சதோட சரி மேடம். இதை மோந்தா பசி அடங்கிடும்னு பார்க்கறீங்களா?"

"மோந்து பாரு."

மோந்தான். "எண்ணெய் வாசனை வருது."

"கருகின வாசனை?"

"இல்ல."

பட்டறை வாசலில் நின்றிருந்த வாலு அதைக் கேட்டதும் நிமிர்ந்தாள். வாலு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். வயது பதினேழு. நேற்றுக் காலை வரை அந்தப் பெயருக்கு ஏற்றபடிதான் இருந்தாள்.

நேற்றுக் காலை ஒன்பதரைக்கு, இந்தத் தீவனக் கிடங்கில், அவள் அண்ணன் டிராக்டரின் முன் கைகளால் ஒரு வைக்கோல் கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தான். கட்டைக் கவ்வியிருந்த கிராப், யாரும் லிவரைத் தொடாமலேயே, ஆள் உயரத்துக்கு மேலே வாயைத் திறந்துவிட்டது. கீழே நின்ற லோடுமேனுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அம்மா அப்போதிருந்து ஆஸ்பத்திரியில் லோடுமேன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் ஸ்டேஷன் பெஞ்சில் இருக்கிறான். மாலை ஐந்து மணிக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் அவன் கவனக்குறைவுதான் என்று வழக்கு எழுதிவிடுவதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

இப்போது மணி இரண்டே கால்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே 'தனியார் விசாரணை' என்ற பலகையை வாலு எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் மாடிப்படி ஏறிப் போய் அழுதுவிட்டாள். சர்வேயரம்மா இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்தவர். அழுது முடிக்கும் வரை காத்திருந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க அண்ணன் எப்படி வண்டி ஓட்டுவான்?"

இதோ, கிடங்கு முதலாளியிடம் ஃபோனில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

"எண்ணெய்ல என்னங்க இருக்கு?" பட்டறை ஃபோர்மேன் பல் குச்சியை வாயின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தள்ளினார். "பையன் லிவரை இழுத்துப் பிடிச்சே வால்வைக் கொன்னுட்டான். நான் நூறு வால்வு பார்த்தவன்."

"வாலு, லிவரைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பிடிச்சா என்ன ஆகும்?"

"சிலிண்டர் முழுசா நீண்டதுக்கு அப்புறமும் பிடிச்சுக்கிட்டே இருந்தா எண்ணெய் போக இடம் இருக்காது மேடம். ரிலீஃப் வால்வு கீச்சுன்னு கத்தும். எண்ணெய் சூடாகி, நாளாக நாளாகக் கறுத்துடும்."

"இது தேன் மாதிரி இருக்கு" என்றார் சர்வேயரம்மா. "ஃபோர்மேன் சார், உங்க நூத்தியோராவது வால்வு வேற எதனாலயோ செத்திருக்கு."

ரேடியோ விரலை எண்ணெயில் தொட்டு உயர்த்திக் காட்டினான். "ஒண்ணு அவுட்."

தகரத் தட்டில் வால்வைப் பிரித்து வைத்திருந்தார்கள். மூன்று பகுதிகள்: கையைத் தூக்க ஒன்று, சாய்க்க ஒன்று, கிராப்புக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் முன்னும் பின்னும் ஓடி எண்ணெய்க்கு வழிவிடும் ஸ்பூல் என்ற தண்டு. இரண்டு ஸ்பூல்களில் முகம் பார்க்கலாம். மூன்றாவதில் மட்டும் பூனை பிறாண்டியதுபோல நீள நீளமான கீறல்கள்.

சர்வேயரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "மூணுக்கும் ஒரே டேங்க். ஒரே பம்ப். அழுக்கு அங்கேர்ந்து வந்திருந்தா மூணும் கீறியிருக்கும். அப்போ கிராப்புக்குப் போற ஹோஸ் வழியா மட்டும் என்னமோ வந்திருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன்!" ஃபோர்மேனுக்கு உயிர் வந்தது. "கிராப்பை மாட்டும்போது கப்ளரைத் துடைக்காம சொருகியிருக்கான். போலீஸ்ல எழுதியே குடுத்தாச்சு."

"எங்கண்ணன் துடைக்காம மாட்ட மாட்டான்!"

"நீ பக்கத்துல நின்னு பார்த்தியா?"

வாலுவுக்குக் கோபத்தில் காது சுட்டது. நேற்று இரவு அப்பா சொன்னது சரிதான். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த அவள் தலையைத் தடவி, 'அந்த ஃபோர்மேனுக்கு நம்ம குடும்பத்து மேல ஒரு கண்ணு இருக்கும்மா' என்று அப்பாதான் சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தூங்கவே முடிந்தது.

"டிராக்டரைப் பார்ப்போம்" என்றார் சர்வேயரம்மா.

வெளியே டிராக்டர் கைகளைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றது. வைக்கோல் தூசி கிரீஸோடு சேர்ந்து அதன்மேல் ஒரு கம்பளிபோலப் படிந்திருந்தது. வால்வைக் கழற்றியபோது ஃபோர்மேன் கைவைத்தது பின்பக்கத்தில் மட்டும். முன்பக்கம் அப்படியே இருந்தது. கை நுனியில் இரண்டு ஜோடி கப்ளர்கள். சட்டென்று சொருகவும் கழற்றவும் செய்த இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் ஒரு நட்.

"கிராப்பை மாட்டும்போது இந்தப் பின்னாடி நட்டைத் தொடுவாங்களா?"

"மாட்டாங்க மேடம். கப்ளர் முனையைத் துடைச்சுச் சொருகினா போதும். நட்டைத் தொட வேலையே இல்ல."

"அப்போ இது ஏன் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கு?"

மூன்று நட்டுகள் தூசிக் கம்பளிக்குள் கிடந்தன. நான்காவது, கிராப்புக்குப் போகும் ஹோஸின் நட், பளபளத்தது. அதைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு ஹோஸும் சுத்தம். நட்டின் ஓரங்களில் புது ஸ்பானர் தடம்.

ரேடியோ குனிந்து பார்த்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தான். "இருங்க மேடம். எவனோ ஹோஸைக் கழட்டி உள்ள மண்ணு போட்டிருக்கான்."

"ஆமா."

"போடறதுக்கு முன்னாடி, வெளியில இருக்கற தூசி உள்ள விழுந்துடக் கூடாதுன்னு துடைச்சிருக்கான்."

"ஆமா."

"திருட வந்தவன் வாசல்ல செருப்பைக் கழட்டி வெச்சுட்டு உள்ள போன மாதிரி இருக்கே!"

சர்வேயரம்மா சிரிக்கவில்லை. தரையைக் காட்டினார். "எண்ணெய் ஒரு சொட்டுகூடச் சிந்தலை. ஏன்?"

"கையைத் தரையில இறக்கிட்டு, இன்ஜினை நிறுத்திட்டு, லிவரை நாலு தடவை முன்னும் பின்னும் ஆட்டியிருக்கான்" என்றாள் வாலு. "அப்போதான் ஹோஸ்ல அடைஞ்ச பிரஷர் போகும். இல்லேன்னா கழட்டினதும் மூஞ்சில அடிக்கும்."

"வேலை தெரிஞ்ச ஆளு." சர்வேயரம்மா திரும்பினார். "ஃபோர்மேன் சார்! அங்க ஓரமா நிக்கற பழைய டிராக்டர்ல ஒரு ஹோஸைக் கழட்டிக் காட்டுங்களேன்."

வாலு ஓரெட்டு முன்னால் வந்தாள். இதோ ஃபோர்மேன் மாட்டிக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தாள்.

ஃபோர்மேன் ஸ்பானரைச் சுழற்றிக்கொண்டு வந்தார். துணியைத் தேடவில்லை. லிவரை ஆட்டவில்லை. நேராகப் போய் ஸ்பானரைப் போட்டுத் திருகினார். தூசி பொலபொலவென்று நட்டுக்குள் உதிர்ந்தது. அடுத்த நொடி எண்ணெய் சர்ரென்று பீறிட்டு, பக்கத்தில் குனிந்திருந்த ரேடியோவைத் தோளிலிருந்து இடுப்பு வரை நனைத்தது.

"இப்படித்தாங்க கழட்டுவோம்" என்றார் ஃபோர்மேன், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல். "நூறு வால்வு பார்த்தவன்."

"அந்த நூறும் எப்படிப் போச்சுன்னு இப்போதான் புரியுது" என்றான் ரேடியோ, சட்டையைப் பிழிந்துகொண்டே. "மேடம், இவரு குற்றவாளி இல்ல. என் சட்டையே சாட்சி."

வாலுவுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஃபோர்மேனாக இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"நீ ஒண்ணு கழட்டு" என்றார் சர்வேயரம்மா.

"நானா?"

"உனக்குத் தெரியும்ல?"

தெரியும். சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அண்ணனும் அவளும் இந்த யார்டில்தான் கிடப்பார்கள். வாலு படியேறி லிவரை முன்னும் பின்னும் நான்கு முறை ஆட்டினாள். இறங்கி வந்தாள். சீட்டுக்கு அடியில் கிடந்த துணியை உருவி நட்டைச் சுற்றித் துடைத்தாள். ஹோஸை நான்கு விரல் அகலத்துக்கு இழுத்துத் துடைத்தாள். துணியைத் திருப்பிப் போட்டு மறுபடி துடைத்தாள். அப்புறம்தான் ஸ்பானரை எடுத்தாள்.

எடுத்த கை அப்படியே நின்றது.

"யாரு சொல்லிக் குடுத்தா?" சர்வேயரம்மாவின் குரல் ரொம்ப மெதுவாக இருந்தது.

"அப்பா."

"இந்த யார்டுல இப்படித் துடைக்கறவங்க எத்தனை பேரு?"

"அண்ணன்."

"அப்புறம்?"

வாலு ஸ்பானரைக் கீழே வைத்தாள். ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

"அண்ணனே போட்டிருக்கலாம்ல?" என்றாள் கடைசியில். கேட்கும்போதே அது அபத்தம் என்று தெரிந்தது. தன் தலைக்கு மேலே கட்டைத் தூக்கப்போகும் மெஷினில் யார் மண்ணைப் போடுவார்கள்?

சர்வேயரம்மா பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். "போலீஸ்ல எழுதிக் குடுத்ததோட நகல். நீ ஃபோர்மேன் எழுதினதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கே."

வாலு பிரித்தாள். 'என் மகன் அவசரக்காரன். கப்ளரைத் துடைக்காமல் மாட்டும் பழக்கம் அவனுக்கு உண்டு. நான் பல முறை கண்டித்தும் கேட்கவில்லை.' கீழே இடது பக்கம் சாய்ந்த கையெழுத்து. அவளுடைய மார்க் ஷீட் எல்லாவற்றிலும் இருப்பது அதேதான். குறைந்த மார்க் வாங்கிய தாளில்கூட, திட்டாமல், சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்த கையெழுத்து.

எழுத்துகள் நகர்வதுபோல இருந்தது. மறுபடி படித்தாள்.

"எப்போ பார்த்தீங்க இதை?"

"காலையில ஒன்பது மணிக்கு."

"ஏன் சொல்லலை?"

"தெரியாம எழுதினாரா, தெரிஞ்சே எழுதினாரான்னு புரியலை. புரியாம ஒரு பொண்ணுகிட்ட அவ அப்பாவைப் பத்தி என்னத்தைச் சொல்றது?"

மணி மூன்றரை.

கிடங்கு வாசலில் தகரக் கூரை போட்ட கேட் ரூம். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேஜை, வண்டிகள் வருவதையும் போவதையும் எழுதும் நோட்டு, பின்னால் உடை மாற்ற ஒரு சின்ன உள் ரூம். பதினாலு வருஷம் அந்த டிராக்டரை ஓட்டிய அப்பாவை முதலாளி நான்கு மாதத்துக்கு முன்னால் இங்கே உட்கார வைத்துவிட்டு, சாவியை அண்ணனிடம் கொடுத்தார். அன்றைக்கு அப்பா எல்லாரிடமும் கைகுலுக்கினார். வாலு அவரை ஃபோட்டோகூட எடுத்தாள்.

"வாம்மா. சாப்பிட்டியா?" அப்பா எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். மற்ற இருவரையும் பார்த்துத் தலையசைத்தார். "ஏதாவது தெரிஞ்சுதா? அந்த ஃபோர்மேன்..."

"அப்பா, அண்ணன் துடைக்காம மாட்டுவானா?"

"என்னம்மா திடீர்னு?"

"மாட்டுவானா?"

"அவசரத்துல சில நேரம்..."

"எப்போ பார்த்தீங்க?"

"இந்தம்மா கேக்கச் சொன்னாங்களா?"

"நான் கேக்கறேன்பா."

அவர் நோட்டைப் புரட்டினார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. சர்வேயரம்மா கதவு நிலையில் சாய்ந்தபடி, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பவர்போலக் கேட்டார்: "முந்தாநாள் ராத்திரி அந்த ஹோஸைக் கழட்டறதுக்கு முன்னாடி எதுக்கு அவ்வளவு துடைச்சீங்க? உள்ள மண்ணுதானே போடப் போறீங்க?"

"துடைக்காம எப்படிங்க கழட்டறது!"

வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. அவமானப்படுத்தப்பட்ட தொழிலாளியின் குரலில் வந்தது. வந்த பிறகுதான் அவருக்கே கேட்டது.

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. யாரும் கேட்டைத் திறக்கப் போகவில்லை.

"அப்பா..."

"கிராப் இறுகிப் போயிடும்னுதாம்மா நினைச்சேன்." அவர் மேஜையைப் பார்த்துப் பேசினார். "ஸ்பூல் நடுவுல சிக்கிக்கும். மூடினது மூடினபடியே நிக்கும். மண்ணு கீறி எண்ணெய் நழுவி, கிராப் தானா திறந்து கட்டு விழும்னு நினைக்கவே இல்ல. சத்தியமா. ரெண்டு நாள் மக்கர் பண்ணும், அவனால சரி பண்ண முடியாது, முதலாளி வந்து, 'நீங்களே ஒரு தடவை பாருங்க'ம்பாரு. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைதான் வேணும்னு இருந்தேன்."

"எதுக்கு?"

"போன வாரம் இங்க வந்து நின்னு என்கிட்டயே சொல்றாரு. 'உங்க பையன் கையில வண்டி பூ மாதிரி போகுது. நீங்க ஓட்டும்போது இப்படி இல்ல'ன்னு."

"நீங்கதானே அவனுக்குக் கத்துக் குடுத்தீங்க?"

"அதான்" என்றார் அப்பா.

வாலுவுக்கு அழுகை வரவில்லை. "சரி, விழுந்துடுச்சு. ஒரு ஆளுக்குக் கால் போச்சு. அப்பவாவது சொல்லியிருக்கலாமே? அவன் மேல எழுதிக் குடுத்தீங்களே!"

"அவனுக்கு இருபத்திரண்டு வயசு. சின்னப் பையன்னு ஆறு மாசத்துல விட்டுடுவாங்க. நான் போனா வீடு என்னாகும்? உன் படிப்பு?"

"என் பேரை இதுல இழுக்காதீங்கப்பா."

"நேத்து ராத்திரி உன் தலையைத் தடவினப்போ சொல்லணும்னுதான் வந்தேன்..."

"ஃபோர்மேன்னு சொன்னீங்க."

அவர் நோட்டை மூடி வைத்தார். சர்வேயரம்மா மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "நாலு ஆகப் போகுது. நீங்களே வந்து சொன்னா உங்களுக்கும் நல்லது, பையனுக்கும் நல்லது."

"வரேன்." அப்பா உடனே சொன்னார். "கேட்டை அப்படியே விட்டுட்டு வர முடியாது. மாத்து ஆளைக் கூப்பிட்டு நிக்க வெச்சுட்டு, சட்டையை மாத்திக்கிட்டு வரேன். நீங்க போய் இன்ஸ்பெக்டர்கிட்ட வழக்கு எழுத வேண்டாம்னு சொல்லுங்க."

"ரேடியோ கூட இருப்பான்" என்றார் சர்வேயரம்மா.

அப்பா வாலுவின் தோளைத் தொட்டார். "போம்மா. வந்துடறேன்." அவள் தட்டிவிடவில்லை. பாதிக் கோபம் அங்கேயே கரைந்துவிட்டது. வருகிறேன் என்று சொன்னாரே.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். "அவரு வரட்டும்" என்றார். அண்ணனை இப்போது உள் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். கதவிடுக்கில் அவன் பாதம் மட்டும் தெரிந்தது. செருப்பில் இன்னும் வைக்கோல் ஒட்டியிருந்தது.

நாலே கால். நாலரை. வாசலில் ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் வாலு எழுந்தாள். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ரேடியோ வந்தான். தனியாக வந்தான். எண்ணெய்ச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, ஓடி வந்திருக்கிறான்.

"மாத்து ஆள் வந்து நின்னதும், சட்டை மாத்தறேன்னு உள் ரூமுக்குப் போனாரு மேடம். நான் வாசல்லயே நின்னேன். பத்து நிமிஷம் பார்த்துட்டுக் கதவைத் தட்டினேன்." மூச்சு வாங்கியது. "அந்த ரூமுக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்கறது எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் வாலு.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியும். அப்பா அது வழியாப் போவாருன்னுதான் தோணலை."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அவர் சொன்னதைக் கேட்டவங்க யாரு?"

"நாங்க ரெண்டு பேரும்" என்றார் சர்வேயரம்மா. "ஆனா கேள்வியைக் கேட்டது..." நிறுத்திக்கொண்டார்.

"நானும் கேட்டேன்" என்றாள் வாலு. "நான் எழுதித் தரேன் சார்."

"யோசிச்சுக்கோம்மா. பெத்த அப்பாவுக்கு எதிரா எழுதறே. நாளைக்கு மாத்திச் சொல்ல முடியாது."

பேனா அவள் விரல்களுக்குப் பெரியதாக இருந்தது. முதல் வரி ஏறி இறங்கியது. துடைக்காமல் மாட்டும் பழக்கம் அண்ணனுக்கு இல்லை என்று தொடங்கினாள். நட்டைப் பற்றி எழுதினாள், கேட் ரூமில் கேட்டதை எழுதினாள். பின் கதவையும் விடவில்லை. கையெழுத்துப் போட்டதும் இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளைக் கிடங்குக்கும் இன்னொருவரைப் பஸ் நிலையத்துக்கும் அனுப்பினார். பிறகு உள் அறையைப் பார்த்து, "தம்பி, வெளிய வா" என்றார்.

அண்ணன் வந்தான். ஒரே ராத்திரியில் கன்னம் ஒட்டியிருந்தது. வாலுவைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தான்.

"லோடுமேன் அண்ணனுக்கு எப்படி இருக்கு?"

"ஆபரேஷன் முடிஞ்சுது. அம்மா அங்கதான் இருக்காங்க."

"அப்பா வரலையா? ராத்திரி பூரா தூங்கியிருக்க மாட்டாரு, பாவம். நான் துடைச்சுட்டுத்தான் மாட்டினேன்னு அவர்கிட்ட சொல்லிடு வாலு. வேற யாரு நம்பலேன்னாலும் அவரு நம்புவாரு."

ரேடியோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணன் மேஜைமேல் கிடந்த தாளைக் கவனித்தான். அதன் அடியில் அவளுடைய கையெழுத்து.

"நீ எதுக்குக் கையெழுத்துப் போட்டே? அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

வாலு அவன் கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலைண்ணா" என்றாள். "நமக்குத்தான் ஆயிடுச்சு."